மிதிக்காத படி

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று யார் முடிவு செய்தார்களோ தெரியாது. இந்தக் கதையில் சீடருக்கு எழுபது நெருங்கிவிட்டது. குரு அவருக்கு மகள் வயதுப் பெண்மணி.

புனிதவதி டீச்சர் பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, கோயில் குளத்தின் வடகரையில் ஒரு ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களிடம், "போதும்னு தோணிச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் வருவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார். சில நாள் பதிலே வராது. காவி கிடையாது, தீர்த்தம் கிடையாது. சுக்குக் காப்பி உண்டு.

அங்கே தவறாமல் வருகிறவர் வக்கீல் தாண்டவராயன். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திப் பல காலம் ஆகியும் கோர்ட்டு அவரை விடவில்லை. முதல் நாள் வந்தபோதே, "ஆத்மா உண்டா இல்லையா, ஆதாரத்தோட சொல்லுங்க" என்று டீச்சரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார் டீச்சர்.

அவரை அப்படிக் கேட்க வீட்டில் ஆளில்லை. அன்றிலிருந்து அவர் சீடர்.

ஒரு ஞாயிறு, மற்றவர்கள் கிளம்பின பிறகும் வக்கீல் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒரு படி வரைஞ்சு தரணும்."

"எந்தப் படி?"

"எங்க வீட்டு வாசப்படி. பழசை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப் போறேன்."

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் படியையா?"

அப்படிக் கேட்காமல் இருக்க முடியாது. அந்த வீடும் அந்தப் படிகளும்தான் ஊருக்குப் பெருமை. ரங்கூனில் அரிசி வியாபாரம் செய்த கொள்ளுத் தாத்தா கட்டிய வீடு. ஆறு உடைத்துக்கொண்டு வந்தாலும் தண்ணீர் ஏறாதபடி ஆள் உயரத்துக்குப் பேஸ்மட்டம். அதன் மேல் தூண் வைத்த முகப்பு. முகப்பிலிருந்து தெருவுக்குப் பிறை வடிவில் விரிந்து இறங்கும் கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓரடி உயரம். வருகிறவன் மூச்சு வாங்கிக் குனிந்து, அதற்குப் பிறகுதான் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் வேண்டுமென்றே உயரமாக வைத்தார் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் பணிவு என்பது எப்போதும் அடுத்தவரிடம் இருக்க வேண்டிய குணம்.

இப்போது வாசலில் 'பாரம்பரியக் கட்டடம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்கிற ஜோடிகள் விடுமுறை நாளில் வந்து, அந்தப் படிகளில் சாய்ந்தும் சரிந்தும் கன்னத்தில் கை வைத்தும் உட்காருவார்கள். வக்கீல் ஆசையோடு வெளியே வந்து தூணருகில் நிற்பார்.

"அங்கிள், கொஞ்சம் உள்ள போயிடுங்க. படத்துல விழறீங்க" என்பான் கேமராக்காரன்.

அவர் உள்ளே போய்விடுவார். அவர்கள் போன பிறகு வந்து பார்த்தால் படியில் ரோஜா இதழ்கள் கிடக்கும். கதவுவரை ஏறி வந்து, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டவர்கூட ஒருவர் கிடையாது. அவரே விளக்குமாற்றை எடுத்துக் கூட்டுவார்.

"யாருக்காக ஐயா புதுப் படி?" என்று கேட்டார் டீச்சர்.

"அல்லிக்காக."

அல்லி அவருடைய ஒரே மகள். இருப்பது இங்கே பக்கத்தில் கும்பகோணம்தான். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர் அங்கே போனதில்லை, அவள் இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக அவள் வந்து கீழே நின்ற அன்று, வக்கீல் மேல்படியில் நின்றுகொண்டு சொன்னார்: "இந்தப் படி ஏறாதே."

அவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "செத்தாலும் இந்தப் படியை மிதிக்க மாட்டேன்."

ஊரில் நூறு பேர் இப்படிச் சொல்வார்கள். காதுகுத்து, காரியம் என்று ஏதாவது ஒரு சாக்கில் மறந்துபோய் வந்துவிடுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். வக்கீலின் மனைவி லோகாம்பாள் இறந்தபோது அல்லி வந்தாள். வந்தவள் தெருவில் நின்றுகொண்டாள். உறவுக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். வக்கீல் மேலே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'ஏறி வாம்மா' என்ற இரண்டு வார்த்தை தொண்டைவரை வந்து வந்து திரும்பிப் போனது. கடைசியில் கூடத்தில் கிடத்தியிருந்த தாயைத்தான் தூக்கிக்கொண்டு படியிறங்கி, தெருவில் ஒரு பெஞ்சில் வைத்தார்கள். மகள் தாயைத் தெருவில் பார்த்து அழுதுவிட்டுப் போய்விட்டாள்.

"என்னையும் அவ தெருவுல வெச்சுத்தான் பாப்பா டீச்சர்" என்றார் வக்கீல். "அதுக்கு முன்னால ஒரு தடவை அவ வீட்டுக்குள்ள வந்து உக்காரணும். ஒரு வாய் சாப்பிடணும். அதை நான் கண்ணால பாக்கணும்."

"வரச் சொல்லுங்க."

"சொன்னா? நான் சொன்ன சொல் என்ன ஆகறது? சரி, என் சொல் போனாப் போகுது. அவ சொல்? எம் பொண்ணு சொல் தவறினவன்னு பேர் வாங்கக் கூடாது." அவர் குரலில் கோர்ட்டு ஏறியது. "அதனாலதான் யோசிச்சேன். அவ சொன்னது 'இந்தப் படி'. 'இந்த'ங்கிறது சுட்டு. அன்னிக்கு அங்க கிடந்த கல்லைச் சுட்டினது. அந்தக் கல்லே இல்லேன்னா? சபதம் காலாவதி. புதுப் படியில அவ தாராளமா ஏறலாம். யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது."

டீச்சர் சிரித்துவிட்டார். "இதை எத்தனை நாளா யோசிச்சீங்க ஐயா?"

"லோகா போனதுலேர்ந்து."

டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. "நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றார்.

மறுநாள் காலையில் வந்தார். படிகளில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். நடுப்படியில் உட்கார்ந்து கல்லைத் தடவிப் பார்த்தார். நூறு வருஷத்துக் கால்கள் நடுவில் மட்டும் லேசாகக் குழித்திருந்தன. வக்கீல் மேலே நின்றுகொண்டு, கைப்பிடி வைக்கலாமா, பிறை வடிவத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் குறைக்க முடியுமா, அப்படிக் குறைத்தால் படிகள் தெருவரை நீளுமே, பலகை மாட்டினவர்கள் சண்டைக்கு வருவார்களா என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"யார் ஏறப் போறாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"அதான் சொன்னேனே. அல்லி."

"என்ன உயரம் இருப்பாங்க?"

"லோகா உயரம் இருப்பா."

"காலெல்லாம் நல்லா இருக்கா?"

"அவளுக்கென்ன? சின்னப் பொண்ணு."

"நாப்பது இருக்குமா?"

வக்கீல் மனதுக்குள் கணக்குப் போட்டார். "இருக்கும்" என்றார். அந்த விஷயம் அவருக்கே இப்போதுதான் தெரியவந்த மாதிரி இருந்தது.

"குழந்தைங்க?"

"பொண்ணு ஒண்ணுன்னு கேள்வி."

"அது என்ன உயரம்?"

வக்கீல் தரையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினார். கொஞ்சம் ஏற்றினார். இல்லை என்று இறக்கினார். கை எங்கே நிற்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அதை வேட்டிமேல் வைத்துக்கொண்டார்.

"பொதுவா ஒரு அளவு இருக்குமே டீச்சர். அரையடி உயரம், ஓரடி அகலம்னு..."

"இருக்கு. பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதுதான். பொதுவா வர்றவங்களுக்குப் பொது அளவு. உங்க வீட்டுக்குப் பொதுவா யார் வர்றாங்க?"

வக்கீல் தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு மாடு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"போய் அளவு எடுத்துட்டு வாங்க. வரைஞ்சு தரேன்."

"நானா?"

"நான் போனா, நீ யாருடின்னு கேப்பாங்க."

டீச்சர் போய்விட்டார். கொத்தனார் கடப்பாரையோடு வந்து எப்போது இடிக்கலாம் என்று கேட்டார். "அளவு வரட்டும்" என்றார் வக்கீல். கடைத்தெருவில் ஒரு டேப்பு வாங்கிவந்தார். அதை மேஜைமேல் வைத்து, தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். குக்கரில் ஒரு ஆளுக்குச் சோறு வைத்தார். சாப்பிடும்போது எதிர்ச் சுவரைப் பார்த்து, அங்கே போய் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தார். ஒரு கேசுக்கும் அவர் அப்படித் தயார் செய்ததில்லை. அந்த வீட்டில் கூடம் பெரிது. ஒரு வார்த்தை சொன்னால் அதே வார்த்தை திரும்பி வரும். சில நாள் அதுவே அவருக்குத் துணையாக இருந்தது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறினார்.

அல்லியின் வீடு ஒரு சந்தில், வரிசை வீடுகளில் ஒன்று. நீலக் கதவு. வாசலில் ஒரே ஒரு சிமெண்டுப் படி. படிமேல் உள்ளங்கை அளவில் ஒரு கோலம். வக்கீல் தெருவில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. லோகாவின் குரல் மாதிரியே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அல்லி வாசலுக்கு வந்தாள்.

"அப்பா" என்றாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"அளவெடுக்க வந்தேன்."

"எதை?"

"உன் காலை."

அவள் டேப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பதற்கு முன்னால் லோகாவுக்கு உதடு ஒரு பக்கம் இழுக்கும். இவளுக்கும் இழுத்தது.

"உள்ள வாங்கப்பா."

"இல்லம்மா. இங்கயே இருக்கேன். வேலை முடிஞ்சதும் கிளம்பிடறேன். பஸ் இருக்கு."

"வெயில்ல நிக்கறீங்களே."

"நின்னே பழகின ஒடம்பு."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை மெல்ல இழுத்து, படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.

"காலுக்கு என்ன?"

"ஸ்கூட்டர்ல விழுந்துட்டேன். உள்ள பிளேட்டு வெச்சிருக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்க யாரையும் கேக்கலையேப்பா."

அவர் குனிந்தார். தரையிலிருந்து முட்டிவரை டேப்பைப் பிடித்தார். இந்தக் காலுக்கு முதல் கொலுசு போட்டுவிட்டது அவர்தான். அதற்குப் பிறகு அதைத் தொட்டதில்லை. அவருக்கு அழுகை வந்தது. டேப்பில் எண்கள் கலங்கின. துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்.

"வலிக்காம எவ்ளோ தூக்க முடியும்? தூக்கு, பாப்போம்."

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். ஐந்து அங்குலம் வந்தது. அதற்குமேல் முகம் சுருங்கியது.

"போதும், போதும். எறக்கு" என்றார் அவசரமாக. அவள் காலை இறக்கினாள். தோளிலிருந்து கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

"பாப்பா எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"பேரு?"

"யாழிசை."

"யாழிசை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "உயரம் தெரிஞ்சா நல்லது."

"உள்பக்கம் நிலையில பென்சிலால கோடு போட்டு வெச்சிருக்கோம். பொறந்த நாளுக்குப் பொறந்த நாள் போடறது. வந்து பாருங்களேன்."

அவர் தெருவில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். கோடுகள் இருப்பது தெரிந்தது, எண்கள் தெரியவில்லை. அல்லிதான் மறுபடி நிலையைப் பிடித்துப் படியேறி உள்ளே போய் வாசித்தாள். ஒவ்வொரு வயதுக்கும் வாசித்தாள். அவருக்குக் கடைசி எண் மட்டும்தான் தேவை. ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தெருவில் நின்றே குடித்தார். குடித்த தெம்பில் விஷயத்தை உடைத்தார். பழைய படியை இடிப்பது, 'இந்த' என்ற சுட்டு, சபதம் காலாவதியாவது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"நீங்க இன்னும் ப்ராக்டீஸ விடலையாப்பா?" என்றாள் அல்லி.

"வாதம் நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்" என்றாள். இந்த முறை உதடு இழுக்கவில்லை. "அம்மாவை எறக்கினப்போ தூக்கினவங்க எல்லாரும் அந்தப் படியில தடுமாறினாங்க. கீழேர்ந்து பாத்துக்கிட்டே நின்னேன். உயரத்தை நல்லாவே கொறைக்கச் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார்.

"வத்தக்குழம்பு வெச்சிருக்கேன். உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கப்பா."

"பஸ் போயிடும்மா."

"அடுத்த பஸ்ஸு இல்லையா?"

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "வரேன்" என்றார். சந்து திரும்பும்போது பார்த்தார். அவள் இன்னும் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிமேல் நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காரியம் பழமாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவரிடம், "எம் பொண்ண பாத்துட்டு வரேன்" என்றார். அவர் கேட்காமலே, "பேத்தி நாலடிக்கு மேல வளந்துட்டா" என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது பசித்தது. மதியம் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் வைத்த சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்து, கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க ஐயா."

வக்கீல் முட்டி உயரம் சொன்னார். கால் தூக்கும் அளவு சொன்னார். பேத்தியின் உயரத்தை, மூன்று வயதில் எவ்வளவு, நாலு வயதில் எவ்வளவு என்று முழுவதையும் ஒப்பித்தார். டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டு, தாளில் ஒரு கோடு இழுத்தார். ஐந்து அங்குலத்துக்குமேல் போகாத படி. நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு அகலமான படி. பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி.

"நல்லா வருது டீச்சர்" என்றார் வக்கீல்.

"அவங்க வீட்டுப் படி எவ்ளோ உயரம்?"

"ஒத்தைப் படிதான். முக்காலடி இருக்கும். அதுவே அவளுக்கு ஜாஸ்தி, பாவம்."

"உங்களுக்கு? ஏறும்போது முட்டி வலிச்சுதா?"

"நான் எங்க ஏறினேன்? தெருவுலயே நின்னு எல்லாத்தையும் முடிச்சுட்டேன்."

டீச்சரின் பென்சில் நின்றது.

"அவங்க கூப்பிடலையா?"

"கூப்பிட்டா. வந்ததும் கூப்பிட்டா, கிளம்பும்போதும் கூப்பிட்டா. வத்தக்குழம்பு இருக்குன்னா."

"அப்புறம்?"

"எப்படிப் போறது டீச்சர்? அப்படியொரு சொல் குறுக்க கிடக்கே."

"என்ன சொல்? அன்னிக்கு யார் என்ன சொன்னது? ஒரு வார்த்தை மாறாம சொல்லுங்க."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாட்சி சொல்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "நான் சொன்னேன்: 'இந்தப் படி ஏறாதே.' அவ சொன்னா: 'செத்தாலும் இந்தப் படியை மிதிக்க மாட்டேன்.'"

"வேற?"

"வேற ஒண்ணும் கிடையாது. அவ்ளோதான்."

"அதுல அவங்க வீட்டுப் படி எங்க ஐயா வருது?"